நகராத வண்டியில் பக்கத்து சீட்டு

வையாபுரி என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான். வேறு இடமில்லை. சாப்பாட்டுக்குப் போய்விட்டுக் கடைசியாக ஏறினான், வண்டி முழுக்க ஒரு பார்வை பார்த்தான், காலியாக இருந்தது இது ஒன்றுதான். சீட்டுக்குப் போட்ட பாலிதீன் உறையை இன்னும் கிழிக்கவில்லை, யார் அசைந்தாலும் கிறீச்சென்கிறது, அவன் உட்கார்ந்தபோது வந்த சத்தம் மட்டும் என் முதுகுத்தண்டில் ஏறி இறங்கியது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை எத்தனையோ இருக்கிறது, எங்கள் பட்டறையில்தான் கூட்டம் போட ஓர் அறை கிடையாது. அதனால் கட்டி முடித்துக் கடைசிப் பெயிண்டுக்கு நிற்கும் வண்டிக்குள்ளேயே பயிற்சி வைத்துவிட்டார்கள். முப்பத்தாறு பேர், ரெண்டு ரெண்டு பேராக, பழனிக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். வண்டி உறுமுகிறது, நடுங்குகிறது, நகரவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, திருச்சியிலிருந்து வந்த ரெஹானா மேடம் மைக்கில் பேசுகிறார். மனநல முதலுதவியாம். கையில் வெட்டுப்பட்டவனுக்குப் பஞ்சு வைத்துக் கட்டுகிற மாதிரி, கூட வேலை செய்கிறவன் மனசு ஒடிந்து நின்றால், டாக்டரிடம் போய்ச் சேரும்வரை அவனோடு எப்படி இருப்பது என்று. காலையில் இதைச் சொன்ன உடனே நான் எழுந்து, “ஏனுங் மேடம், மனசு ஒடஞ்சா மாவுக்கட்டு எந்த எடத்துலீங்க போடறது?” என்று கேட்டேன். வண்டியே குலுங்கிச் சிரித்தது. வெல்டர் அத்தப்பன் முன்சீட்டு முதுகில் ஓங்கி அடித்துச் சிரித்தான். வையாபுரி சிரித்தானா, பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது பொய். பார்த்தேன். கடைசி சீட்டில் இருந்தான், எல்லாரும் சிரிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அந்த முகம் என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, நான் ஜன்னல் வழியாக வெளியே கிடக்கிற இரும்புக் குழாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலையில் இந்த வண்டியின் டாப்பில் ஏறிப் பெயிண்ட் அடிக்கப் போகிறவன் அவன். போர்மேன் கரும்பலகையில் பேர் எழுதிவிட்டார். அவனை மேலே ஏற்றக் கூடாது என்பது இந்த வண்டிக்குள் எனக்கு மட்டும் தெரியும். தெரிந்து ரெண்டு மாசம் ஆகிறது.

ரெண்டு மாசம் இல்லை, ரெண்டு மாசமும் ஒரு வாரமும். சரியாகச் சொல்ல வேண்டும் என்று இப்போது வந்து ஒரு ஆசை, நாச்சிமுத்துவுக்கு! அறுபத்தொன்பது வயசில், ஒரு நாளாவது ஒரு சங்கதியை நடந்தது நடந்தபடி சொன்னவனா நான்? பின்கண்ணாடி போட மறந்த வண்டி ஊட்டிக்குப் போய் ஒரு மேகத்தை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்ததையும், அதைப் பட்டறை ஆள்கள் மூணு நாள் முறத்தால் விசிறி வெளியே தள்ளியதையும் சத்தியம் பண்ணிச் சொன்னவன். டீசல் தீர்ந்த வண்டியைப் பயணிகள் விட்ட பெருமூச்சிலேயே தாராபுரம் வரைக்கும் ஓட்டிய டிரைவரை எனக்கு நேரில் தெரியும் என்றவன். வயசாகிவிட்டது, போய்ப் படுங்க என்று மற்றவர்களை அனுப்பின முதலாளி என்னை மட்டும் ஸ்டோர் ஜன்னலில் உட்கார வைத்திருப்பது ஆணியும் நட்டும் எடுத்துக் கொடுக்க மட்டும் இல்லை. மூணு மணி டீக்கு ஒரு கதை வேண்டும். அது எங்கள் பட்டறையில் வழக்கமாகவே ஆகிவிட்டது. டீக்காரர் தூக்குவாளியை வைத்ததும் எல்லாரும் ஸ்டோர் ஜன்னலைப் பார்த்துத் திரும்புவார்கள். தினம் ஒரு கதைக்கு நான் எங்கே போவேன்? வந்தவன் போனவன் சொன்னதை எல்லாம் எடுத்துக்கொள்வேன். ஒருத்தன் மாமியார் சண்டையைச் சொன்னால் மூணு மணிக்கு அந்த மாமியார் யானை மேல் வருவாள். “நாச்சிமுத்துகிட்டச் சொன்னா மூணு மணி டீக்கு வந்துரும்” என்பது இங்கே புதுசாகச் சேர்கிற ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் எச்சரிக்கை. அப்படியிருக்க அவன் ஏன் என்னிடம் வந்தான்? இந்த இடத்தில்தான் ரெண்டு மாசமாக என் நினைப்பு நின்று நின்று போகிறது. இத்தனை பேர் இருக்க, ஏன் என்னிடம்? மேடம் ஏதோ சொல்கிறார். காது கொடுத்துக் கேட்டால், “சில பேர் நேரா வந்து சொல்ல மாட்டாங்க. ஏதாவது ஒரு சாக்கு வெச்சுக்கிட்டு வருவாங்க” என்கிறார். சாக்கு. மாஸ்கிங் டேப். அட கடவுளே. அன்றைக்கு அவன் மாஸ்கிங் டேப் கேட்டுத்தான் வந்தான், பெயிண்ட் ஓரத்துக்கு ஒட்டுகிற காகித டேப். ஜன்னலில் கையை வைத்தான். அந்தக் கையில், மணிக்கட்டில், வளையல் மாதிரி ஒரு முழு டேப் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய் இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன்.

அவன் டேப்பை வாங்கிக்கொண்டு போகவில்லை. “அண்ணா” என்றான். “சொல்றா.” “தூக்கமே இல்லீங்ணா. டாப்புல நிக்கறப்ப தரை கிட்டக் கிட்ட வர்ற மாதிரி இருக்குது. எறங்கறதுக்கு ஏணி எதுக்குன்னு தோணுதுங்ணா.” அவ்வளவுதான். இதை நான் இப்போது ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறேன், என் ஆயுசில் மாற்றாமல் ஞாபகம் வைத்திருக்கிற ஒரே வாக்கியம் இதுதானோ என்னவோ. அப்போது எனக்கு என்ன தோன்றியது? புரியாமல் இல்லை. புரிந்தது. புரிந்த அந்த நொடியே அதன் மேல் ஒரு சிரிப்பை எடுத்துப் போர்த்திவிட்டேன், விழுந்த குழந்தையைத் தூக்காமல் மேலே துணியைப் போட்டு மறைக்கிறவன் மாதிரி. “வெயிலு ஏறிப்போச்சுடா, மோரைக் குடி” என்றேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். மணி ரெண்டே கால். மூணு மணிக்குள் என் மண்டைக்குள் ஒரு பருந்து வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது. மூணு மணிக்கு டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, வையாபுரி டாப்பிலிருந்து இறங்க ஏணி வேண்டாமென்று காற்றில் காலை வைத்ததையும், அமராவதி ஆற்றுப் பக்கமிருந்து வந்த பருந்து அவன் அரைஞாண் கயிற்றைக் கவ்விக்கொண்டு கரூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ரெண்டு சுற்றுச் சுற்றியதையும், கீழே நின்ற கண்டக்டர் அவனுக்கும் டிக்கெட் கிழித்ததையும் சொன்னேன். நல்ல கதை. இப்போதும் சொல்கிறேன், என் நல்ல கதைகளில் ஒன்று, அதுதான் கேவலம். டீ புரையேறிச் சிரித்தார்கள். போர்மேன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வையாபுரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையில் டீயோடு, வாயைத் திறந்து, ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி நின்றான். பிறகு டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனான்.

அதோடு போகவில்லை. மறுநாளிலிருந்து அவன் ஏறும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கீழேயிருந்து, “வையாபுரி, ஏணி வேணுமாப்பா, பருந்து வருதா?” என்று கத்துவார்கள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அவன் மேலே இருக்கும்போது அத்தப்பன் ஏணியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பின்சுவரில் சாய்த்துவிட்டான். விளையாட்டு. அத்தப்பன் கெட்டவன் இல்லை, சம்பளத்தன்று பட்டறை நாய்க்குப் பிஸ்கட் வாங்கிப் போடுகிறவன். ஏணியை எடுத்தது அத்தப்பன் கை, அந்த ஏணியை அவன் கையில் கொடுத்தது என் வாய். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். நானும் ஸ்டோரைச் சாத்திவிட்டு வந்து நின்றேன். வையாபுரி விளிம்புக்கு வந்தான், ஏணி இல்லை என்பதைப் பார்த்தான், எங்களைப் பார்க்கவில்லை. கீழே தரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மற்றவர்கள் கைதட்டி, “எறங்கு எறங்கு” என்றார்கள். டேய், அந்த நேரம் நான் என்ன செய்தேன்? வாயைத் திறந்தேனா? “ஏணியை வைங்கடா” என்கிற ரெண்டு வார்த்தை எனக்குத் தெரியாதா? ஊரில் இல்லாத வார்த்தை எல்லாம் தெரியும், அது தெரியாதா? நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போய் டாப்பின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டான், ரெண்டு கையாலும் தகரத்தைப் பிடித்துக்கொண்டு. அரை மணி நேரம். அலுத்துப்போய் அத்தப்பனே ஏணியைக் கொண்டுவந்து வைத்தான். மறுநாள் வையாபுரி வரவில்லை. ஐம்பத்தைந்து நாள் வரவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். நானும் மஞ்சள் காமாலை என்றேன், கீழாநெல்லி எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்றுகூடச் சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே இப்போது ஒருவருமில்லை, பட்டறையே இந்த வண்டிக்குள் ஏறிவிட்டது, வெயில் மட்டும் தகரத்தில் காய்கிறது. அவன் மூச்சு விடுவது கேட்கிறது. ஒரு வாரமாக வேலைக்கு வருகிறான், இளைத்துவிட்டான், கழுத்தைச் சுற்றிச் சட்டைக் காலர் தனியாக நிற்கிறது. இந்த வாரம் முழுக்கக் கீழேயே தகரத்துக்குப் பட்டி பூசித் தேய்க்கிற வேலை கொடுத்தார்கள், நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிறகு இன்றைக்குக் காலையில் பலகையில் பேர். தமயந்தி நினைவுக்கு வருகிறாள். அவன் சம்சாரம். அவன் வராமல் போன பத்தாவது நாள், லீவுக் கடிதத்தோடு வந்தவள் ஆபீசுக்குப் போகாமல் நேரே என் ஜன்னலுக்கு வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகி, ஆலையிலிருந்து நேராக வந்தவள் போல, தலையில் பஞ்சுத் துணுக்கு. “ஏனுங்ணா, எதாச்சும் ஒண்ணுன்னா உங்ககிட்டத்தான பேசுவாரு. உங்ககிட்ட எதாச்சும் சொன்னாருங்களா?” என்றாள். “இல்லையே தாயி” என்றேன். அவள் அங்கேயே நின்றாள். நான் ஒரு டப்பாவை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தேன். “செரிங்ணா” என்று போனாள். எத்தனை பொய் சொல்லியிருப்பேன், ஆற்று முதலையிலிருந்து ஆகாயத்து மேகம் வரைக்கும், எல்லாம் கேட்கிறவனுக்கும் பொய் என்று தெரிந்த பொய்கள். ஒருத்தருக்கும் அதனால் ஒரு வேளைச் சோறு குறைந்ததில்லை. ஆயுசிலேயே நான் சொன்ன உண்மையான பொய் அது ஒன்றுதான், அதில் கற்பனையும் இல்லை, சுவாரசியமும் இல்லை, ரெண்டே வார்த்தை. இல்லையே தாயி. படுத்தால் இந்த ரெண்டு வார்த்தை வந்து காலடியில் உட்கார்ந்துகொள்கிறது.

மேடம் சொல்கிறார்: “நேரா கேளுங்க. உயிரை விடணும்னு தோணுதான்னு நேரா கேட்கலாம். கேட்டா அந்த நெனப்பு புதுசா வந்துடும்னு பயப்படாதீங்க, வராது. கேட்டா அவங்களுக்குப் பாரம்தான் எறங்கும்.” முன்சீட்டில் யாரோ செருமுகிறார்கள். “அறிவுரை வேண்டாம். உடனே சிரிக்க வெச்சு மாத்தறது வேண்டாம். கேளுங்க, கூட இருங்க, தனியா விடாதீங்க, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.” அவர் என்னைப் பார்த்துச் சொல்கிறாரா? இல்லை, பொதுவாகத்தான் சொல்கிறார், எனக்கு மட்டும் மைக் சத்தம் கூடிவிட்டது. சிரிக்க வைத்து மாற்றுவது. அதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? என் சம்சாரம் சரசு செத்துப்போன மறுநாளே வேலைக்கு வந்து, அவள் பாடையைத் தூக்கியவர்கள் சேற்றில் வழுக்கி, பாடையே அவர்களைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனதாகக் கதை சொன்னவன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு, கிழவன் தேறிவிட்டான் என்று வேலைக்குப் போனார்கள். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அன்றைக்குக் கோபம் இருந்தது எனக்கு. கேட்க விட்டால்தானே கேட்பார்கள். அது என் வீட்டுச் சாவுக்கதை, என் இஷ்டம், எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். இவனுடையதை எடுத்துக்கொள்ள எனக்கு யார் அனுமதி கொடுத்தது? “சரி, இப்ப ஒரு பயிற்சி” என்கிறார் மேடம். “பக்கத்து சீட்டுல இருக்கறவங்களோட அஞ்சு நிமிஷம். ஒருத்தர் கஷ்டத்துல இருக்கறவர் மாதிரி நடிக்கணும், இன்னொருத்தர் கேட்கணும். அப்புறம் கேட்டவர் எழுந்து என்ன கேட்டோம்னு எல்லாருக்கும் சொல்லணும், அவர் சம்மதிச்சா மட்டும்.” வண்டி முழுக்க ஒரே சளசளப்பு.

“நான் நடிக்கோணுங்களாண்ணா?” என்றான் வையாபுரி. இந்த ஒரு வாரத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. என் நாக்கு ரெடியாக இருந்தது, வெட்கம் கெட்ட நாக்கு, ‘நீ நடி, நான் விசிலடிக்கறேன்’ என்று பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. விழுங்கினேன். “நடிக்க வேண்டாஞ் சாமி” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. “அன்னிக்கு ஸ்டோருக்கு வந்து சொன்னயே. இப்பவும் அப்படித் தோணுதா? உசுர விட்டரலாம்னு தோணுதா?” கேட்டுவிட்டேன். கேட்டதும் ஓடிவிட வேண்டும் போல இருந்தது, ஜன்னல் பக்க சீட்டு, ஓட வழியில்லை. அவன் நகக்கண்ணில் இருந்த நீலப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். “தோணுதுங்ணா. ஊட்டுல இருந்தப்பக் கொஞ்சம் கம்மி. காத்தால பலகைல பேரப் பாத்தன், மறுக்கா வந்துருச்சு” என்றான், தலைவலி என்று சொல்கிற மாதிரி. நான், “அன்னிக்கு நான் அந்தக் கதையை...” என்று ஆரம்பித்தேன். “தமயந்தி சொன்னாங்ணா” என்றான். “உங்ககிட்ட நான் ஒண்ணுமே சொல்லலைன்னு சொன்னீங்களாமா. எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நெசமாவே சொன்னனா, சொன்னதா நெனச்சுட்டனான்னு. படுத்துக்கிட்டு அதையேதான் யோசிச்சுட்டு இருந்தன்.” நான் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். பிடிக்கத் தகுதி இருக்கிறதா என்று நினைத்தேன். கை பாதியில் நின்றது. “சொன்னடா” என்றேன். “எல்லாஞ் சொன்ன. எனக்குப் புரிஞ்சுது.” அவன் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தான். “புரிஞ்சுதுங்களா?” என்றான், அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். “எங்கிட்ட எதுக்குடா வந்து சொன்ன? நான் என்ன பண்ணுவன்னு ஊருக்கே தெரியுமே” என்றேன். “அதுக்குத்தாங்ணா” என்றான். “போர்மேன்கிட்ட நேராப் போயிச் சொல்ல வாய் வரலை. ஆம்பள, டாப்புல ஏற பயமா இருக்குதுன்னு எப்படிச் சொல்றது. உங்ககிட்டச் சொன்னா மூணு மணிக்கு எல்லாத்துக்கும் போயிரும். அவருங் காதுல விழும். கீழ வேலை போட்டுருவாருன்னு நெனச்சன். போச்சுங்ணா, எல்லாத்துக்கும் போச்சு. நாஞ் சொன்னதுதான் போகலை.”

மேடம் கையைத் தட்டினார். “முடிச்சுட்டீங்களா? யார் முதல்ல?” அத்தப்பன் என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு துள்ளி எழுந்தான். “எங்க மாமன் இருக்கறப்ப வேற ஆருங்க மேடம்! எந்திரிங்க மாமா, எடுத்து உடுங்க!” தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின, போர்மேன் உட்பட, டீ வாளியைப் பார்த்த அதே முகங்கள், வாய் ஏற்கெனவே பாதி சிரித்துக்கொண்டு. இதுதான் எனக்கு எப்போதும் பிடித்த நேரம், ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் வருகிற அந்த அமைதி, இன்றைக்கு அதில் என் பெயரே எனக்குக் கூசியது. “சொல்லட்டுமா?” என்று வையாபுரியைக் கேட்டேன். “சொல்லுங்ணா” என்றான், குனிந்தபடியே. எழுந்தேன். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “வையாபுரிக்கு உசுரோட இருக்கப் புடிக்கலை” என்றேன். “ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே எங்கிட்ட வந்து சொன்னான். நான் அதைக் கதையாக்கி உங்களைச் சிரிக்க வெச்சன். நாளைக்கு அவனை டாப்புல ஏத்தாதீங்க.” ஒரு நொடி. அப்புறம் பின்னால் ஒருத்தன் களுக்கென்றான், அத்தப்பன் தொடையில் தட்டி, “ஆரம்பிச்சுட்டாருய்யா!” என்றான், சிரிப்பு சீட்டு சீட்டாகப் பற்றிக்கொண்டு முன்னால் ஓடியது. அவர்கள் மேல் என்ன தப்பு? என் வாயிலிருந்து வந்தால் சிரிக்க வேண்டும் என்று பழக்கியது நான்தானே. மேடம் மட்டும் சிரிக்கவில்லை, மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சீட்டுகளுக்கு நடுவே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். சிரிப்பு ஓயும்வரை நிற்பது எனக்குப் புதுசில்லை, எத்தனை தடவை நின்றிருப்பேன், அடுத்த வரியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு. இப்போது அடுத்த வரி என்று ஒன்று இல்லை. காது எரிந்தது, முகம் எரிந்தது, உட்கார்ந்துவிடலாம், எல்லாரும் கைதட்டுவார்கள், டீ வந்துவிடும். நின்றேன். சிரிப்பு தேய்ந்து, அங்கொன்று இங்கொன்றாக உதிர்ந்து, எஞ்சின் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. போர்மேன் முகம்தான் முதலில் மாறியது. அத்தப்பன் இன்னும் சிரித்த வாயோடு, ஆனால் கண் கொஞ்சம் கலங்கி, “அப்பறம் மாமா?” என்றான்.

அப்புறம் ஒன்றுமில்லை. சொன்னதையே மறுபடியும் சொன்னேன்.